புதுக்கோட்டை வெயில் சுகரைக் குறைக்குமா?

கீரனூர், ஆலங்குடி, அறந்தாங்கி... புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ‘வெயில் வைட்டமின்’ எனப்படும் வைட்டமின் டி இங்கேயும் பலருக்குக் குறையலாம். பகல் முழுக்க வீட்டுக்குள்ளோ கடையிலோ இருப்பவர்கள், வயதானவர்கள், உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

‘வைட்டமின் டி சாப்பிட்டால் சுகர் இறங்கிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, சுகர் மாத்திரையை நிறுத்தலாமா? கூடவே கூடாது!

என்ன தொடர்பு?

இன்சுலினைச் சுரக்கும் கணைய செல்கள், வைட்டமின் டி-யையும் பயன்படுத்துகின்றன. டைப் 2 சர்க்கரை நோயாளிகள் பலருக்கு இது குறைவாக இருப்பதும் உண்மை. ஆனால், உடல் பருமன் இரண்டுக்குமே வழிவகுக்கும். அதனால் ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று சொல்லிவிட முடியாது.

சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி சாப்பிட்டவர்களில் 100-க்கு 24 பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. உறுதியாகப் பலன் என்று சொல்ல இந்த வித்தியாசம் போதவில்லை. ஏற்கெனவே நோய் உள்ளவர்களிலும், வைட்டமின் குறைபாடு இருப்பவர்களுக்குத்தான் ஓரளவு பலன் தெரிகிறது.

எச்சரிக்கை

60,000 யூனிட் மருந்தை டாக்டர்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டுமே தருவார்கள். அதைத் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போவது அதன் அறிகுறிகள். ‘சுகர்தான் ஏறிவிட்டது’ என்று தவறாக நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

என்ன செய்யலாம்?

* அதிகாலை வெயிலில் வைட்டமின் டி அதிகம் கிடைக்காது. காலை 11 மணிக்கு மேல், கை கால்களில் படும்படி கொஞ்ச நேரம் நிற்கலாம். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது.
* செருப்பில்லாமல் நிற்காதீர்கள். கால் மரத்துப்போனவர்களுக்குத் தரை சுடுவதே தெரியாது, கொப்புளம் புண்ணாகிவிடும்.
* கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் கிடைக்கும் மத்தி மீனைக் குழம்பு வையுங்கள். முட்டை மஞ்சள் கருவிலும் இந்த வைட்டமின் உண்டு.
* ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால், டாக்டர் சொல்லும் அளவில் மட்டும் மருந்து எடுங்கள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வெயிலில் நின்றுவிட்டு வந்தாலும், அந்த மாத்திரையை மறக்காமல் போடுங்கள்!