பிள்ளைகள் கூடி விளையாட எந்த இணைய விளையாட்டு?



அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, கட்டுகஸ்தோட்டை என்று கண்டியைச் சுற்றி எந்த ஊரை எடுத்தாலும், ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே முற்றத்தில் விளையாடுவது இன்று அபூர்வமாகிவிட்டது. பெரியும்மாவின் மகன் கட்டாரில். மாமியின் மகள் இங்கிலாந்தில். சாச்சாவின் பிள்ளைகள் கொழும்பில். பெருநாளைக்குத் தொலைபேசியில் பேசக் கொடுத்தால், ஸலாம் சொன்ன பின் என்ன பேசுவதென்று தெரியாமல் பிள்ளைகள் விழிக்கிறார்கள். 2020 மார்ச் இறுதியில் கொரோனாவால் அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டபோது, வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்குக் கூட்டாளிகளைக் காட்டியதும் கைத்தொலைபேசிதான். பேச்சு வராத இடத்திலும் விளையாட்டு பிள்ளைகளைச் சேர்த்துவிடும்.

ஆகவே, "விளையாடவே கூடாது" என்று தடுப்பதைவிட, நல்லதொன்றைத் தெரிந்து கொடுப்பதே பயன் தரும். துணி எடுக்கும்போது சாயம், தையல், விலை எல்லாம் பார்க்கிறோமல்லவா? இங்கும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

கூடியா, எதிர்த்தா?

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடுவதெல்லாம் கூட்டு விளையாட்டாகிவிடாது. 2018 இல் வெளிவந்து 2020 இல் பிரபலமான 'அமாங் அஸ்' விளையாட்டில், கூட்டத்தில் மறைந்திருப்பவர் மற்றவர்களைப் பொய் சொல்லி ஏமாற்ற வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் தூரத்திலிருக்கும் சிறு பிள்ளைகளிடையே அது சண்டையிலும் முடியலாம். ஒருவர் இல்லாமல் மற்றவரால் முன்னேற முடியாத விளையாட்டே உறவை வளர்க்கும்.

வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது?

நமக்குத் தெரிந்தவர்கள் மட்டும் அழைப்பின் பேரில் உள்ளே வரக்கூடியதா, அல்லது உலகில் எவரும் வந்து பிள்ளையோடு பேசக்கூடியதா என்று பாருங்கள். குரல் உரையாடலை நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருக்கும். பிள்ளையிடம் கொடுக்கும் முன் நீங்களே அதைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் உண்மையான வயதைக் கொடுத்தே கணக்கை ஆரம்பியுங்கள். வயதைக் கூட்டிச் சொன்னால், சிறுவருக்கென இருக்கும் காவல் நீங்கிவிடும்.

பாங்கு சொன்னால் நிறுத்தலாமா?

தாய்மார் பலர் அறியாத விடயம் இது. பலர் சேர்ந்து ஆடும் இணைய ஆட்டத்தைப் பெரும்பாலும் இடையில் நிறுத்தி வைக்க முடியாது. 'பப்ஜி' போன்றவற்றில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை போகும்; நால்வரில் ஒருவர் எழுந்து போனால் மற்ற மூவரும் தோற்கலாம். "இன்னும் ஐந்து நிமிடம் உம்மா" என்று பிள்ளை கெஞ்சுவது எப்போதும் பிடிவாதமல்ல. கூட்டாளிகளைக் கைவிட அவன் தயங்குகிறான். ஆகவே, மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏசுவதைவிட, ஆரம்பிக்கும் முன்பே "இந்த ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேளுங்கள். சில நிமிடங்களில் முடிகின்ற அல்லது விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய விளையாட்டையே தெரிவு செய்யுங்கள்.

பணம் எங்கே போகிறது?

"இலவசம்" என்பது பல வேளைகளில் உள்ளே நுழைய மட்டுமே இலவசம். 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், ஒரு பொத்தான் தவறுதலாக அமுங்கினாலும் பணம் போகும்படி வைத்திருந்தது, சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியது ஆகிய குற்றச்சாட்டுகளுக்காக 52 கோடி டொலர் செலுத்த 2022 டிசம்பரில் அமெரிக்காவில் உடன்பட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளும் உண்டு. பெல்ஜியம் 2018 இல் அவற்றைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. அதிர்ஷ்டப் பெட்டி உள்ளதைத் தவிருங்கள். வங்கி அட்டையின் இலக்கங்களைப் பிள்ளையின் தொலைபேசியில் பதிந்து வைக்காதீர்கள்.

எதைத் தெரிவு செய்யலாம்?

கைத்தொலைபேசி மட்டும் உள்ள வீட்டுக்கு 'மைன்கிராஃப்ட்' பொருந்தும். சுவீடனில் 2009 இல் தோன்றிய இவ்விளையாட்டில் கட்டிகளை அடுக்கி வீடு, தோட்டம், ஊர் எல்லாம் கட்டலாம். 'அமைதி' நிலையில் வைத்தால் அரக்கர்கள் வரமாட்டார்கள். ஒருமுறை விலை கொடுத்தால் போதும். மேலதிகப் பொருட்களை வாங்கத் தேவையில்லை. ஆனால் கணினிக்குரிய 'ஜாவா' பதிப்பும் கைத்தொலைபேசிக்குரிய 'பெட்ரொக்' பதிப்பும் ஒன்றோடொன்று சேரமாட்டா. வெளிநாட்டுப் பிள்ளையிடம் எது இருக்கிறதென்று கேட்ட பின்பே வாங்குங்கள்.

2019 இல் வந்த 'ஸ்கை' இலவசமானது. அதில் சில கதவுகள் இருவர் சேர்ந்தால்தான் திறக்கும். அந்நியர்களும் எதிர்ப்படுவார்கள். எனவே நட்பு அழைப்பை ஏற்குமுன் உங்களிடம் கேட்கும்படி சொல்லி வையுங்கள்.

கணினி உள்ள வீட்டுக்கு, 2018 இல் வந்த 'ஓவர்குக்ட் 2' உண்டு. நால்வர் வரை ஒரே சமையலறையில் நின்று ஒருவர் வெட்ட, ஒருவர் சமைக்க, ஒருவர் பாத்திரம் கழுவ வேண்டும். ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2021 இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' இருவருக்கு மட்டுமானது. ஒருவர் வாங்கினால் மற்றவர் இலவசமாகச் சேரலாம். ஆயினும் அது விவாகரத்துக்கு நெருங்கிய பெற்றோரின் கதை. ஐரோப்பிய வகைப்படுத்தலில் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. விவசாய விளையாட்டான 'ஸ்டார்டியூ வேலி' பலருக்குப் பிடித்தமானது. ஆனால் அதில் மது வடிப்பதும் சூதாட்டக் கூடமும் உண்டென்பதை அறிந்து முடிவு செய்யுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். கட்டாரும் சவூதியும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கிலாந்து கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கெல்லாம் விடுமுறை நாட்கள் வேறுபட்டாலும் சனிக்கிழமை எல்லோருக்கும் பொது. இங்கே மாலை 4 மணிக்குத் தொடங்கினால் கட்டாரில் பிற்பகல் 1.30, இங்கிலாந்தில் காலை நேரம். மஃரிபுக்கு முன்னரே இங்கு எழுந்துவிடலாம்.

முதல் நாள் நீங்களும் பக்கத்தில் அமர்ந்து ஒரு சுற்று பாருங்கள். முடிந்தால் ஆடியும் பாருங்கள். உம்மாவுக்கும் விளங்கும் என்று தெரிந்தால், மனதைக் குழப்பும் ஏதாவது அங்கே நடந்தாலும் பிள்ளை மறைக்காமல் உங்களிடமே முதலில் வந்து சொல்லும்.