தூரம் சரி, நேரம் தவறு!

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் எவ்வளவு தூரம்? கூகுள் எர்த்தைத் திறந்து ரூலர் ஐகானை க்ளிக் செய்யுங்கள். பிறகு இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு க்ளிக். சுமார் 5,550 கி.மீ. என்று காட்டும். காகித வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் கணக்கு உதைக்கும். பூமி உருண்டை அல்லவா!

நேரத்தில்தான் நான் கோட்டை விட்டேன். முதல் ஆன்சைட் பயணம். டிக்கெட்டைச் சரியாகப் பார்க்காமல், தூரத்தை 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஆறேகால் மணி நேரம் என முடிவு கட்டினேன் (எஞ்சினியர் மூளை!). அதை நம்பி அடுத்த விமானத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். மேற்கே பறக்கும்போது ஜெட் ஸ்ட்ரீம் காற்று எதிரே வீசும். எட்டு மணி நேரம் ஆனது. அடுத்த விமானம் போயே போய்விட்டது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, ஏழு மணி நேரம்தான்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 11-க்குக் கிளம்பி மதியம் 2-க்கு இறங்கினால் பயணம் 3 மணி நேரமல்ல, 8 மணி நேரம். நியூயார்க் கடிகாரம் லண்டனைவிட 5 மணி நேரம் பின்னால் ஓடுகிறது.