ஒன்பது வந்தாலே கவனியுங்கள்

ஒரத்தநாட்டுப் பக்கம் தாய்வீட்டில், கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணிடம் நர்சம்மா பத்துக் கேள்விகள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 வருகிறது. வீட்டில் விட்டுவிடலாமா, டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா?

இந்தக் கேள்வித்தாள் 1987-இல் பிரிட்டனில் வெளியான எடின்பரோ அளவுகோல். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைச் சலித்தெடுக்கும் கருவி. அங்கே 13 வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கொண்டார்கள். முதல்கட்டச் சலிப்புக்கு 10-ஐயும் சொன்னார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைத் தமிழாக்கியதோடு நிற்காமல், கிராமத்துத் தாய்மார்களிடம் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். கேள்வித்தாள் மதிப்பெண்ணை நேர்காணலில் கண்ட மனநிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இத்தகைய சோதனை. தமிழ் வடிவத்தில் 9-ஐ எல்லையாக வைத்தால், நோயுள்ள நூறு பேரில் 94 பேர் பிடிபட்டார்கள். நோயில்லாத நூறு பேரில் சுமார் 10 பேர் தவறாகச் சிக்கினார்கள்.

ஆக, நம் பெண்ணின் 10 கவனிக்க வேண்டிய மதிப்பெண். 13-ஐ அப்படியே இங்கே பொருத்தியிருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிப் போயிருப்பார்கள். நம் பெண்கள் ‘பரவாயில்லை’ என்று குறைத்தே சொல்வது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இது என் கணிப்பு. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு தமிழாக்கத்தை எடுத்து நீட்டினால், இந்த எல்லையும் அதற்குச் செல்லாது. 9 வந்துவிட்டது என்பதாலேயே நோய் என்றும் ஆகாது. அதை மருத்துவர்தான் பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எண்ணைவிடப் பெரிய சிக்கல், கேட்கும் இடம். வேலூர் கணியம்பாடி ஒன்றியத்தில் நடந்து 2002-இல் வெளியான இன்னொரு ஆய்வில், பிரசவமான பெண்களில் நூற்றுக்குப் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கூடமாட உதவ ஆளில்லாமை ஆகியவை அதற்கான அபாயக் காரணங்கள். இந்தப் பட்டியலில் உள்ளவர்களே திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? தனியாகப் பேச வேண்டும் என்று நர்சம்மாவிடம் தயங்காமல் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கிறது. நோய் என்ன, சிகிச்சை என்ன என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லவும் கட்டளையிடுகிறது.

பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘எப்போதாவது’ என்று பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கமே இல்லாமல், யாரோ பேசுவதுபோல் கேட்கிறது என்றோ, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றோ சொன்னால் அதற்குக் கேள்வித்தாளே வேண்டாம். வேப்பிலை அடிக்க ஆள் தேடாமல் நேரே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியில் யோசனை கேட்க டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

‘உள்ளே சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள்’ என்ற பயத்தில் பல குடும்பங்கள் மறைக்கின்றன. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அதையும் 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். மீறினால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், சரிவராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் தரலாம். இலவச வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெண் பாபநாசத்துப் புகுந்தவீட்டுக்குத் திரும்பும்போது நர்சம்மா மாறிவிடுவார். மதிப்பெண்ணையும் மாத்திரைச் சீட்டையும் தாய் சேய் நல அட்டையோடு வைத்து, புது நர்சம்மாவிடம் நீங்களே காட்டிவிடுங்கள்.