துவக்கு ஒரு இடத்தில், லைசன்ஸ் வேறு இடத்தில்

பொலிஸ் கொண்டுபோன துவக்கை அல்லது புதுப்பிக்க மறுக்கப்பட்ட லைசன்ஸைத் திரும்பப் பெற எந்த நீதிமன்றப் படி ஏறுவது? சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் வேளாண்மை செய்கிறவர்கள் இப்படிக் கேட்டால், "கல்முனைக் கோட்டில் ஒரு மனுப் போடுங்க" என்ற பதில்தான் முதலில் வரும். அது பாதிதான் சரி. துவக்கு வழக்குப் பொருளாக நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்தால் உள்ளூர் நீதவானிடம் கேட்கலாம். லைசன்ஸே போய்விட்டதென்றால் அதை உள்ளூர் நீதிமன்றத்தால் தர முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல் போனால் பணமும் மாதங்களும் வீணாகும்.

ஏன் என்று விளங்க ஓர் ஒப்பீடு. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியலமைப்பு தந்த உரிமை. குற்றத் தீர்ப்பால் அதை இழந்தவர், வெர்ஜீனியா போன்ற மாநிலத்தில், தன் பகுதி நீதிமன்றத்திலேயே மனுச் செய்து மீட்டுக்கொள்ள வழியுண்டு. இலங்கையில் அப்படி ஓர் உரிமை இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் தருவது அனுமதி மட்டுமே. அதுவும் ஒவ்வொரு டிசம்பர் 31உடன் முடிந்துபோகும். ஆனால் உரிமை இல்லை என்பதற்காக, அதிகாரி விரும்பியபடி பறிக்கலாம் என்று ஆகிவிடாது. அனுமதியைக் கொடுப்பதும் மறுப்பதும் நியாயமான முறையில் நடக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டம்தான்.

துவக்கு இல்லாத வட்டையில் இரவு எப்படிப் போகும் என்பது நகரத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. பன்றி வரம்பைக் கிளறிவிட்டுப் போனால் தண்ணீரும் போய்விடும். யானை வந்தால் காவல் வாடியில் இருப்பவரின் உயிருக்கே உத்தரவாதமில்லை. 2023இல் மட்டும் நாட்டில் 450க்கும் அதிகமான யானைகளும் 150க்கும் அதிகமான மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். யானையைச் சுடுவது பாரதூரமான குற்றம். விவசாயிக்குத் துவக்கு வேண்டியிருப்பது பெரும்பாலும் அதன் சத்தத்துக்காக. பெரும்போக வேளாண்மை குடலை தள்ளி, கதிருக்குக் காவல் மிகத் தேவைப்படும் நாட்களில்தான் லைசன்ஸ் ஆண்டும் முடிகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

முதலில், கைப்பற்றப்பட்ட துவக்கு. வெடிச்சத்தம் பற்றிய முறைப்பாடு, காணித் தகராறு, வேறொருவர் கையில் துவக்கு அகப்பட்டது என்று எந்தக் காரணத்துக்காகப் பொலிஸார் எடுத்தாலும், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவின்படி அதை நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். உடைமைக்கு உரித்துடையவரிடம் பொருளை ஒப்படைக்கும் கட்டளையை அதே பிரிவின் கீழ் நீதவான் வழங்கலாம். உரியவர் யாரென்று தெரியாவிட்டால் பகிரங்க அறிவித்தல் வரும். 6 மாதங்களுக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் பொருள் அரசிடம் போய்விடும். ஆகவே "அவங்களே கூப்பிடுவாங்க" என்று காத்திருப்பது ஆபத்து. சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்து, உரிமைகோரல் விசாரணைக்குத் திகதி பெற வேண்டும்.

அந்த விசாரணையில் பேச்சைவிடக் கடதாசிதான் வேலை செய்யும். துவக்கு கைப்பற்றப்பட்ட நாளில் லைசன்ஸ் செல்லுபடியாக இருந்ததா? குழாயில் பொறித்த இலக்கமும் லைசன்ஸில் உள்ள இலக்கமும் ஒன்றா? பழைய துவக்குகளில் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி 3 எது, 8 எது என்று தெரியாமல் போவதுண்டு. பெயரும் அப்படித்தான். லைசன்ஸில் 'மீராலெவ்வை', அடையாள அட்டையில் 'மீரா லெப்பை' என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியை முன்கூட்டியே முடித்து வைத்திருப்பது நல்லது.

துவக்கால் வெடி வைக்கப்பட்டதா என்ற கேள்வி வழக்கில் இருந்தால் அது அரச பகுப்பாய்வாளரிடம் அனுப்பப்படும். அறிக்கை வரும்வரை நீதவான் விடுவிக்க மாட்டார். அதற்குள் டிசம்பர் 31 கடந்துவிட்டால், லைசன்ஸ் இல்லாதவரிடம் துவக்கை எப்படி ஒப்படைப்பது என்ற கேள்வி எழும். வழக்கு நடக்கும்போதே, துவக்கு நீதிமன்றக் காவலில் உள்ளது என்ற உறுதிப்படுத்தலுடன் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நீதவானின் கட்டளை பாதகமாக வந்தால் கல்முனை மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு உண்டு. குற்றத் தீர்ப்போடு துவக்கும் பறிமுதல் என்றால் மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள்தான். கட்டுத்துவக்கு, இடியன் துவக்கு என்று அனுமதியில்லாதவை அகப்பட்டால் மீட்பதற்கு எதுவுமில்லை. கட்டுத்துவக்கில் கால் இழப்பது பன்றி மட்டுமல்ல, விறகு எடுக்கப் போகும் மனிதரும்தான்.

அடுத்தது லைசன்ஸ். பயிர்க்காவலுக்கான வேட்டைத் துவக்கென்றால் மாவட்டச் செயலகம், தற்பாதுகாப்புக்கானது என்றால் பாதுகாப்பு அமைச்சு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும், தமிழிலேயே கேட்கலாம். கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும். தேசிய பாதுகாப்பைச் சொல்லி மறுக்கவும் கூடும், அந்த மறுப்பும் எழுத்தில் கிடைத்தால் பயன்தான்.

அதன் பிறகு நீதிமன்றம் போவதென்றால் கொழும்புதான். மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் மாகாண சபை நிரலில் உள்ள விடயங்களுக்கு மட்டுமே. சுடுகலன் மத்திய அரசுக்கு ஒதுக்கிய நிரலில் இருக்கிறது. எனவே அம்பாறை மாவட்டச் செயலகத்தில் எடுக்கப்பட்ட தீர்மானத்தைச் செல்லுபடியற்றதாக்கக் கேட்டு ஒரு விவசாயி புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே மனுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒரு பழைய வேட்டைத் துவக்குக்காக இவ்வளவு செலவை யார் தாங்குவார்? மாவட்ட மட்டத்திலேயே, தமிழிலேயே, இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்லும் ஒரு மேன்முறையீட்டுச் சபை இல்லாதது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

ஊரிலேயே தட்டக்கூடிய ஒரு கதவு உண்டு, அது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைப் பிராந்திய அலுவலகம். பாரபட்சம் நடந்தது என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை 1 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம்.

இந்த இரண்டு வகையிலும் சேராத ஒன்றும் உண்டு. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்காகக் கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காக வெலிசறை கடற்படை முகாமில் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது. அப்படிக் கொடுத்தவர் நீதவானிடம் போய்ப் பயனில்லை, அது வழக்குப் பொருளல்ல. ஒப்படைத்த பற்றுச்சீட்டோடு அமைச்சிடமே எழுத்தில் கேட்க வேண்டும்.

2019 ஏப்ரலில் நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு இந்தக் கரையில் துவக்கு என்ற பேச்சே அச்சம் தருவதாகிவிட்டது. சாய்ந்தமருதில் நடந்த துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும், வீட்டில் கிடந்த கத்திகளைக்கூட மக்கள் பயந்து பயந்து ஒப்படைத்ததும் யாருக்கும் மறக்கவில்லை. அதனால் வாப்பா மௌத்தான பின் அவரது துவக்கை என்ன செய்வதென்று தெரியாமல் முகட்டில் செருகி வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லைசன்ஸ் இறந்தவரோடு முடிந்துவிட்டது. அந்த நாளிலிருந்து துவக்கு வீட்டில் இருப்பதே குற்றமாகலாம். இறப்புச் சான்றிதழோடு பொலிஸில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு வயல் உங்கள் பெயரில் இருந்தால், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு உங்கள் பெயருக்கு அனுமதி கேளுங்கள். சட்டப்படி வைத்திருந்த பொருளைச் சட்டப்படி கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.