பைக்கின் பின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா?

மழை விட்டதும் அடையாறு திரு.வி.க. பாலத்தில் பைக் ஓட்டியிருக்கிறீர்களா? பின்பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கத் தயங்கும்போதுதான், ‘பேசாம பின்னாடியும் டிஸ்க் போட்டுடலாமா?’ என்று தோன்றும்.

டிஸ்க் தட்டு மட்டும் வாங்கினால் போதாது. ஹப், காலிபர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், பெடல் எனப் பலதும் மாறும். சில வண்டிகளில் ஸ்விங் ஆர்மும்கூட. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மாதிரி இரண்டு வகையிலும் வந்த வண்டி என்றால், டிஸ்க் மாடலின் ஒரிஜினல் பாகங்களையே கேளுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கிடைத்ததை ஒட்டவைப்பது ஆபத்து.

அதற்கு முன் ஒரு விஷயம். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரம் லேசாகிவிடும். அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். லேசான சக்கரத்தில் பலமான பிரேக் போட்டால், ஈரச் சாலையில் சட்டென லாக் ஆகி வழுக்கும்.

‘அதான் ஏபிஎஸ் இருக்கே’ என்பீர்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு அது கட்டாயம்தான். ஆனால் சிங்கிள் சேனல் ஏபிஎஸ் முன்சக்கரத்தை மட்டுமே காக்கும். பின்னால் டிஸ்க் மாட்டியதால் அந்தப் பாதுகாப்பு அங்கே வந்துவிடாது.

முதலில் டிரம்மைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஷூ தேய்ந்திருக்கலாம், கேம் இறுகியிருக்கலாம். சில நேரம் பிரேக் கம்பி முனையிலுள்ள நட்டைத் திருகினாலே பெடல் சரியாகிவிடும். டயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

புது ஷூ மாட்டினால் ஆரம்பத்தில் பிடிமானம் குறைவாகத்தான் இருக்கும். மெக்கானிக் கடையிலிருந்து நேராக உஸ்மான் ரோடு நெரிசலுக்குள் நுழையாதீர்கள்.