வயதான பூனை நம்மிடம் மறைக்கும் ரகசியங்கள் தெரியுமா?

உங்கள் வீட்டுப் பூனைக்கு 15 வயது என்றால், மனிதக் கணக்கில் அதற்கு 76 என்பது தெரியுமா? முதல் பிறந்தநாளிலேயே அது பதினைந்து வயதுப் பிள்ளை. இரண்டாவது பிறந்தநாளில் 24. அதற்குப் பிறகு ஆண்டுக்கு நான்கு வயது கூடிக்கொண்டே போகும்!

உலகிலேயே அதிக காலம் வாழ்ந்த பூனை என்று கின்னஸ் குறித்து வைத்திருப்பது யாரைத் தெரியுமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரத்து கிரீம் பஃப்! 1967 ஆகஸ்ட் 3 அன்று பிறந்து, 2005 ஆகஸ்ட் 6 அன்று கண்ணை மூடியது. 38 ஆண்டு 3 நாள்!

நாமோ பத்து வயதைத் தாண்டிய பூனை கொஞ்சம் சோர்ந்தாலே, “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சோர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நோய் இருக்கிறது. பல நேரம் மருந்தும் இருக்கிறது. பூனைதான் வாயே திறக்காது!

முக்கால்வாசி போன பிறகுதான் தெரியும்!
முதிய பூனைகளை அதிகம் வாட்டும் நோய்களில் ஒன்று சிறுநீரக நோய். சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறைய 75 சதவீதம் போகும் வரை, வழக்கமான கிரியேட்டினின் பரிசோதனையில் அது பிடிபடாமலே இருக்கலாம். முதல் துப்பு தண்ணீர்க் கிண்ணத்தில் கிடைக்கும். முன்பு எப்போதாவது நக்கிய பூனை இப்போது அடிக்கடி கிண்ணத்தருகே நிற்கிறதா? மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகின்றனவா? உடனே மருத்துவரிடம் போங்கள். எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இதை இன்னும் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

பூனைக்கு மட்டும் ஏன் இப்படி?
சிறுநீரகக் குழாய்களில் அடைக்கும் செத்த செல்களை அகற்ற ஏ.ஐ.எம். என்ற புரதம் உதவுகிறது. பூனையின் ரத்தத்திலும் அது இருக்கிறது. ஆனால் இன்னொரு புரதத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு, வேலைக்கு வருவதே இல்லை! டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தோரு மியாசாகி குழுவினர் 2016-ல் இதை வெளியிட்டார்கள். 2021-ல், கொரோனாவால் இந்த ஆய்வுக்கு நிதி தடைபட்டது என்ற செய்தி வந்ததும் ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் நன்கொடையைக் கொட்டிவிட்டார்கள்!

பசி நல்லதுதானா?
கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறது, ஓடியாடுகிறது, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. “இந்த வயசிலும் என்ன சுறுசுறுப்பு!” என்று மகிழ்ந்துவிடாதீர்கள். தைராய்டு சுரப்பி தலைகால் தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கலாம்! பூனைகளுக்கு இந்த நோய் வருவது 1979-ல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று இதற்கு மாத்திரை உண்டு. காதின் உட்புறம் தடவும் களிம்பும் உண்டு. கதிரியக்க அயோடின் வசதியுள்ள நாடுகளில் ஒரே ஊசியில் பெரும்பாலான பூனைகள் குணமாகிவிடுகின்றன!

ஒரே ராத்திரியில் பார்வை போகுமா?
போகும்! ரத்த அழுத்தம் எகிறினால் விழித்திரை பிய்ந்து, நேற்று வரை பார்த்த பூனை இன்று சுவரில் முட்டும். பூனைக்கும் பி.பி. பார்க்கலாம், தெரியுமா? முன்காலிலோ வாலடியிலோ சின்னப் பட்டையைச் சுற்றி அளப்பார்கள். மனிதர்களுக்குத் தரும் அம்லோடிபின்தான் பூனைக்கும் முக்கிய மருந்து. அளவை மட்டும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நூற்றில் தொண்ணூறு!
12 வயதைக் கடந்த பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. அவற்றில் 90 சதவீதத்துக்கு மூட்டுத் தேய்மானம்! ஆனால் நொண்டும் பூனையை அரிதாகவே பார்க்கிறோம், ஏன்? அது நொண்டாது, தாவுவதைக் குறைத்துக்கொள்ளும். பீரோவிலிருந்து இறங்கும்போது உற்றுப் பாருங்கள். ஒரே தாவலில் குதிக்காமல் விளிம்பில் தயங்கி, முன்கால்களைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுப் பாதித் தூரம் எட்டிய பிறகுதான் குதிக்கும். முதுகை வளைத்து நக்க முடியாததால் இடுப்புக்கு மேல் முடி திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். தேயாத நகம் தடித்து வளைந்து பாதத்திலேயே குத்தும். இந்த வலிக்கென்றே மாதம் ஒரு முறை போடும் ஊசிக்கு 2022 ஜனவரியில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

நள்ளிரவில் ஏன் அந்தக் கதறல்?
மனிதர்களின் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அதே அமிலாய்டு புரதம், முதிய பூனைகளின் மூளையிலும் படிகிறது! பழகிய வீட்டிலேயே வழி தவறும், இரவில் நடுக்கூடத்தில் நின்று கத்தும். ஆனால் ரத்த அழுத்தமும் தைராய்டும் காது கேளாமையும்கூட இப்படிக் கத்த வைக்கும். ஆகவே பரிசோதிக்காமல் முடிவு கட்டாதீர்கள்.

பாதி மாத்திரைதானே என்கிறீர்களா?
வேண்டவே வேண்டாம்! வலிக்கிறதே என்று இரங்கி பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே எமன். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், ஈறு பழுப்பேறும். ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும்!

இரண்டு நாள் பட்டினி கிடந்தால் என்ன?
ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கிவிடும்! குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். “பசித்தால் தானே சாப்பிடும்” என்று காத்திருக்கவே கூடாது.

சர்க்கரை நோய் விலகுமா?
பூனைக்கு விலகலாம்! சீக்கிரம் கண்டுபிடித்து, இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்தால் சில பூனைகள் இன்சுலின் தேவைப்படாத நிலைக்கே திரும்புகின்றன. பின்னங்கால் நுனியில் நடக்க வேண்டிய பூனை குதிகாலைத் தரையில் ஊன்றி நடந்தால் சந்தேகப்படுங்கள்.

வலியை முகத்திலேயே படிக்கலாம்!
கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இதற்கு ஓர் அளவுகோலே தந்தார்கள். காது பக்கவாட்டில் திரும்புகிறதா, கண் இடுங்குகிறதா, மூக்கும் வாயும் இறுகுகின்றனவா, மீசை விறைக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? இந்த ஐந்தையும் பார்த்தாலே போதும்!

பத்து வயதைத் தாண்டிய பூனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறுநீரகம், தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் மாதம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். நாலு கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே கிளம்புங்கள்!