நின்ற தறி கற்பித்த பாடம்

நுழையும்முன்

பொருள் ஒன்று பழுதாக வெளிவந்தால் 'யார் செய்த தவறு?' என்று கேட்பது மனித இயல்பு. 'ஏன் நேர்ந்தது?' என்று கேட்பது பயிற்சியால் வருவது. முதல் வினாவிலிருந்து இரண்டாம் வினாவுக்கு நகர்ந்த தொழிற்கூடங்களே தரத்திலும் சிக்கனத்திலும் முன்னேறின. ஜப்பானிய நெசவுத்தறியில் தொடங்கி உலகெங்கும் பரவிய செயல்முறை மேம்பாட்டு முறைகளை இப்பாடம் விளக்குகிறது.

தறியில் தோன்றிய சிந்தனை

சாகிச்சி டொயோடா 1867ஆம் ஆண்டு ஜப்பானில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அக்காலத்தில் அந்நாட்டுச் சிற்றூர்களில் நெசவு என்பது பெரும்பாலும் பெண்களின் கடும் உழைப்பாக இருந்தது. அவ்வுழைப்பை எளிதாக்க எண்ணிய சாகிச்சி, 1890இல் மரத்தாலான கைத்தறி ஒன்றை மேம்படுத்தி அமைத்தார். பின்னர் விசைத்தறியில் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

நூல் அறுந்தாலும் பழைய விசைத்தறி நிற்காது. தொடர்ந்து ஓடி முழத்துக்கு முழம் குறையுள்ள துணியையே நெய்துகொண்டிருக்கும். எனவே தறிக்கு அருகில் எப்போதும் ஒருவர் காவல் நிற்க வேண்டியிருந்தது. சாகிச்சியின் தறியோ நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றது. 1924இல் நிறைவுபெற்ற அவருடைய தானியங்கித் தறியில் இவ்வமைப்பு முழுமையடைந்தது. குறையுள்ள துணி பெருகுவது தடுக்கப்பட்டதோடு, ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்கவும் முடிந்தது.

குறை தோன்றிய கணத்திலேயே வேலை நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே காரணம் ஆராயப்பட வேண்டும். 'ஜிடோகா' என ஜப்பானியர் வழங்கும் இக்கோட்பாடே பின்னாளில் தோன்றிய பல முறைகளுக்கு அடிப்படையாயிற்று.

நெருக்கடியில் வளர்ந்த முறை

சாகிச்சியின் மகன் கீச்சிரோ தானுந்துத் தொழிலில் இறங்கினார். 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் உருவாயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானின் பொருளாதாரம் சீர்குலைந்தது. 1950இல் அந்நிறுவனம் திவாலாகும் நிலையை நெருங்கியது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. கீச்சிரோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அமெரிக்க நிறுவனங்களைப்போல ஒரே வகை வண்டியைப் பெருந்தொகையில் செய்து குவிக்க அங்குப் பணமும் இல்லை, சந்தையும் இல்லை.

நூற்பு ஆலையில் பணியாற்றிவிட்டு 1943இல் தானுந்துப் பிரிவுக்கு வந்த தாய்ச்சி ஓனோ, இந்நிலையை மாற்ற முனைந்தார். அமெரிக்கப் பேரங்காடியின் நடைமுறை அவருக்கு ஒரு வழியைக் காட்டியது. வாடிக்கையாளர் எடுத்துச்சென்ற பொருளின் அளவுக்கே அடுக்கு மீண்டும் நிரப்பப்படுகிறது. அதைப்போலவே, அடுத்த நிலையில் உள்ளவர் எடுத்த உறுப்புகளை மட்டுமே முந்தைய நிலையில் உள்ளவர் செய்தால் போதும் என ஓனோ கருதினார். எந்த உறுப்பு, எத்தனை தேவை என்பதைத் தெரிவிக்கும் அட்டை 'கான்பான்' எனப்பட்டது. தேவையானதை, தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் செய்யும் இம்முறை 'உரிய நேர உற்பத்தி' என வழங்கப்படுகிறது.

இதனால் கிடங்குச் செலவு குறைந்தது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் விளைந்தது. ஐந்நூறு உறுப்புகள் கையிருப்பில் இருந்தால், பழுதான ஒன்றை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். பழுது எவர் கண்ணிலும் படாது. ஐந்தே உறுப்புகள் இருந்தால், ஒன்று பழுதானாலும் அன்றே கேள்வி எழும். மிகுதியான கையிருப்பு குறைகளை மறைக்கும் திரை என்பதை ஓனோ உணர்த்தினார்.

ஏழு வகை விரயம்

வாடிக்கையாளருக்குப் பயன்தராத ஒவ்வொரு செயலும் விரயமே என்று கொண்ட ஓனோ, அதனை ஏழாக வகைப்படுத்தினார்.

1. தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி
2. பொருளுக்காகவோ ஆணைக்காகவோ காத்திருத்தல்
3. பொருளைத் தேவையின்றி இடம் மாற்றுதல்
4. வேண்டாத வேலையைப் பொருளின்மீது செய்தல்
5. அளவுக்கு மிஞ்சிய கையிருப்பு
6. தொழிலாளி வீணே நடத்தலும் குனிதலும் தேடுதலும்
7. பழுதான பொருளும் அதனைத் திருத்தும் உழைப்பும்

இவற்றுள் முதலாவதையே அவர் மிகப் பெரிய தீங்காகக் கருதினார். தேவைக்கு மேல் செய்யப்பட்ட பொருளைச் சுமக்க வேண்டும், அடுக்க வேண்டும், காக்க வேண்டும். ஏனைய விரயங்கள் பலவற்றுக்கு அதுவே தாயாகிறது.

ஐந்து முறை 'ஏன்?'

மேலோட்டமான காரணத்தோடு நின்றுவிடாமல் வேர்வரை செல்வதற்கு ஓனோ வலியுறுத்திய எளிய கருவி, 'ஏன்?' என ஐந்து முறை கேட்பதாகும். ஆயத்த ஆடைத் தொழிற்கூடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்குத் தைக்கப்பட்ட சட்டைகளில் எண்ணெய்க் கறை காணப்படுகிறது.

ஏன் கறை படிந்தது? தையல் இயந்திரத்திலிருந்து எண்ணெய் கசிந்தது.
ஏன் கசிந்தது? எண்ணெயைத் தடுக்கும் அடைப்பு தேய்ந்திருந்தது.
ஏன் அது மாற்றப்படவில்லை? தேய்ந்திருப்பது எவருக்கும் தெரியவில்லை.
ஏன் தெரியவில்லை? இயந்திரம் நின்றால்தான் பழுதுபார்ப்பவர் அழைக்கப்படுகிறார்.
ஏன் அதற்கு முன்பே அழைக்கப்படுவதில்லை? பராமரிப்புக்கென நாள் குறித்த அட்டவணையே இல்லை.

'யார் தைத்தது?' என்று மட்டும் கேட்டிருந்தால், தையற்காரரின் கூலி பிடிக்கப்பட்டிருக்கும். மறுநாளும் கறை படிந்திருக்கும். ஐந்தாம் வினா அட்டவணை இல்லாமையைக் காட்டியது. அதைச் சரிசெய்தால் எல்லா இயந்திரங்களுக்கும் தீர்வு கிடைக்கும். நோய் எது, அதன் காரணம் எது என ஆராய்ந்த பின்பே மருந்திட வேண்டும் என்னும் வள்ளுவரின் கருத்து இங்கு நினைக்கத்தக்கது.

நிறுத்தும் உரிமை

டொயோட்டா தொழிற்கூடங்களில் வண்டிகள் நகரும் வரிசையை ஒட்டிக் கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் அதனை இழுக்கலாம். உடனே 'அந்தோன்' எனப்படும் அறிவிப்புப் பலகையில் விளக்கு எரியும்; குழுத்தலைவர் அவ்விடத்துக்கு விரைவார். குறித்த எல்லைக்குள் குறை தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். தறிக்கு அமைந்திருந்த நிற்கும் ஆற்றல், இவ்வாறு மனிதரின் கையில் உரிமையாக அளிக்கப்பட்டது.

இவ்வுரிமையின் மதிப்பை உணர்த்திய நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்கூடம் 1982இல் மூடப்பட்டது. பணிக்கு வராமையும், நிர்வாகத்துக்கும் தொழிலாளர்க்கும் இடையே நிலவிய பகையும், தரக்குறைவும் அங்கு மிகுந்திருந்தன. அதே இடத்தில் 1984இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் இணைந்து 'நம்மி' என்னும் புதிய கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. பணியமர்த்தப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. அவர்களுள் பலர் ஜப்பானுக்குச் சென்று பயிற்சி பெற்றனர். விரைவிலேயே அங்கு உருவான வண்டிகளின் தரம் ஜப்பானிய வண்டிகளின் தரத்தை நெருங்கியது. பணிக்கு வராதோர் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. தொழிலாளர் மாறவில்லை, அவர்கள் இயங்கிய செயல்முறையும் அவர்களுக்கு அளிக்கப்பட்ட மதிப்புமே மாறின.

சிறு சிறு முன்னேற்றம்

ஒருமுறை திருத்திவிட்டால் பணி முடிந்துவிடுவதில்லை. இன்றைய முறை நேற்றையதைவிடச் சிறிதேனும் மேம்பட வேண்டும் என்பதே 'கைசென்' என்னும் தொடர் முன்னேற்றக் கோட்பாடு. இதற்குத் துணைசெய்வது நான்கு படிகளைக் கொண்ட சுழற்சி. மாற்றத்தைத் திட்டமிடுதல், சிறிய அளவில் செய்து பார்த்தல், விளைவைச் சரிபார்த்தல், பயன் தந்ததை நடைமுறையாக்குதல் என்பன அவை. அமெரிக்க அறிஞர் வால்டர் ஷூவர்ட்டின் சிந்தனையில் வேர்கொண்டது இச்சுழற்சி. அவர் 1924இல் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கியவர். அவர்வழி வந்த எட்வர்ட்ஸ் டெமிங், 1950இல் ஜப்பானில் ஆற்றிய உரைகள் அந்நாட்டின் தொழில்துறைக்குப் புதிய ஊக்கம் அளித்தன.

தெரியுமா?

டெமிங்கின் பெயரால் ஜப்பானில் 1951 முதல் தரத்துக்கான பரிசு வழங்கப்படுகிறது. 1998இல் சென்னையைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் நிறுத்தக் கருவிப் பிரிவு இப்பரிசைப் பெற்றது. இப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் இதுவே.

முறைகளின் எல்லை

எந்த முறையும் குறைகளுக்கு அப்பாற்பட்டதன்று. 1997 பிப்ரவரியில், நிறுத்தக் கருவிக்கான சிறு உறுப்பு ஒன்றைச் செய்துவந்த ஐசின் நிறுவனத்தின் தொழிற்கூடம் தீக்கிரையாயிற்று. கையிருப்பு மிகக் குறைவாக இருந்தமையால், ஜப்பானிலுள்ள டொயோட்டா தொழிற்கூடங்கள் சில நாள்கள் முடங்கின. வேறு பல நிறுவனங்கள் ஒன்றுகூடி அவ்வுறுப்பைச் செய்து கொடுத்தபின் வேலை மீண்டது. 2011ஆம் ஆண்டின் நிலநடுக்கத்துக்குப் பின், இன்றியமையாத சில உறுப்புகளைக் கையிருப்பில் வைக்க அந்நிறுவனம் ஏற்பாடு செய்தது. எது விரயம், எது பாதுகாப்பு என்பதைக் காலமும் சூழலும் நோக்கியே முடிவுசெய்ய வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. விரயத்தைக் குறைப்பதாகக் கூறித் தொழிலாளியின் ஓய்வைக் குறைத்தால், கருவி அதன் நோக்கத்தையே இழக்கும். கயிற்றை இழுத்தவர் தண்டிக்கப்பட்டால், அடுத்தவர் அதனைத் தொடமாட்டார். அப்போது குறைகள் மீண்டும் மறைந்து வளரும்.

அட்டையும் அட்டவணையும் கயிறும் எங்கும் கிடைப்பவை. குறையைச் சொல்பவர் அச்சமின்றிச் சொல்லும் சூழலும், கேட்பவர் 'ஏன்?' என்று பொறுமையோடு வினவும் பண்பும் வாய்க்கும் இடத்தில்தான் அவை பயன் தருகின்றன. தொழிற்கூடத்துக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் பள்ளிக்கும் இது பொருந்தும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி நூலகம் அல்லது சத்துணவுக் கூடத்தின் நடைமுறையைக் கூர்ந்து நோக்கி, அங்குக் காணப்படும் விரயங்களை ஏழு வகையுள் பொருத்திக் காட்டுக.
2. உங்கள் படிப்பில் நேரும் இடர் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஐந்து முறை 'ஏன்?' எனக் கேட்டு அதன் மூலக்காரணத்தை எழுதுக.
3. 'குறையைச் சுட்டிக்காட்டுபவர் நிறுவனத்தின் நண்பரே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.